ஏகாதசிக்கு நிறுத்திய மாத்திரை

எனக்கு அறுபத்தெட்டு வயது நடக்கிறது. பெற்றது எட்டு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர் முன்னாலும் இன்றுவரை கைநீட்டி நின்றதில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். மேலே படிக்கிறபோது மனத்திடம் இல்லாத பொம்பிளை என்று யாருக்காவது தோன்றும். அவர்கள் இந்த வரிக்குத் திரும்பி வரட்டும்.

என் பெயர் அங்கம்மாள். பிறந்தது துறையூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் அக்கரையில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதினார். ஒருநாள் மத்தியானம் மண்டியிலேயே உட்கார்ந்தபடி சாய்ந்துவிட்டார். ஆள் வந்து சொல்லி என்னை ஜட்காவில் ஏற்றினார்கள். மயக்கம்தான், மயக்கம்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். காவேரிப் பாலத்தில் பாதி தாண்டும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல வராது.

மூன்று மாதம் கழித்து ஒரு காரியமாகப் பஸ்ஸில் போனேன். மாம்பழச் சாலை தாண்டிப் பஸ் பாலத்தில் ஏறியது. நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உள்ளங்கை நனைந்தது. தொண்டையைப் பிடித்த மாதிரி மூச்சு இறங்கவில்லை. இப்போது, இந்த இடத்தில் சாகப் போகிறோம் என்று தெளிவாகத் தோன்றியது. கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன்.

“பாலத்துல நிறுத்தக்கூடாதும்மா. சிந்தாமணியில இறங்கிக்குங்க.”

சிந்தாமணியில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. சாகவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்ப அதே பாலம்தான். வேறு வழி கிடையாது.

ஸ்ரீரங்கம் நாலு பக்கமும் தண்ணீர். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். எந்தப் பக்கம் போனாலும் பாலம். நான் எந்தப் பக்கமும் போகாமல் இருந்தேன். முட்டி வலி என்று சொன்னேன். சின்ன மகளின் வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்கும் முட்டி வலிதான்.

வாரம் ஒருநாள் அக்கரையிலிருந்து ஒரு வயதான டாக்டர் எங்கள் தெருவுக்கு வருவார். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். இருதயத்தில் கோளாறு இல்லை, நரம்புத் தளர்ச்சி என்றார். ராத்திரி ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாதத்துக்குத் தூக்க மாத்திரை கொடுத்தார். ஒரு மாதத்துக்குத்தான் கொடுத்தார். அதை நான் மறைக்கவில்லை. அந்த மாதம் நன்றாகத் தூங்கினேன். ஒருநாள் பகலிலும் பாதி போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பார்த்தேன். பாலம் வந்தது, போனது. யாருடைய பாலமோ என்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அவரிடம் இருந்த கம்பவுண்டர் கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் சொந்தமாக மருந்துக் கடை வைத்தார். என்னைப் பார்த்தாலே “அம்மாவுக்கு வழக்கமானதுதானே” என்று பொட்டலம் மடிப்பார். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை. மாத்திரை வாங்கப் பாலம் தாண்ட வேண்டும், பாலம் தாண்ட மாத்திரை வேண்டும். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. ஒன்று போதாமல் இரண்டாயிற்று. பிறகு காலையில் ஒன்று. துளசிமணி மாலை வைக்கிற பித்தளைச் சம்புடத்தில், மாலைக்கு அடியில் வைத்திருந்தேன். அதை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

ஒன்று மட்டும் குறையாக இருந்தது. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு, ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனேன். சொர்க்க வாசல் திறந்ததே தெரியவில்லை. எங்கெங்கோ இருந்து ஜனங்கள் வந்து மண்டபத்திலும் மணலிலும் படுத்துக் காத்திருக்கிறார்கள். நான் நாலு தெரு தள்ளி விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே அடுத்த வருஷம் முடிவு செய்தேன். தசமி, ஏகாதசி, துவாதசி காலை சாப்பிட்டு விரதம் முடிக்கிற பாரணை வரை துளசித் தீர்த்தம் தவிர வயிற்றுக்குள் ஒன்றும் போகக்கூடாது. மாத்திரையும் வயிற்றுக்குள் போகிறதுதானே. அதையும் நிறுத்தினேன். இதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாக்கு போடுகிறவர்கள் பாக்கை விடுகிறார்கள், காப்பி குடிக்கிறவர்கள் காப்பியை விடுகிறார்கள். நான் இதை விட்டேன்.

தசமி அன்று கை லேசாக நடுங்கியது. ஏகாதசி அன்று பழைய பயம் வந்தது. பாலம் இல்லாமலே வந்தது. வீட்டுக்குள், சாமி படத்துக்கு முன்னால், உட்கார்ந்த இடத்தில். புடவை வியர்வையில் ஒட்டியது. பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மருமகளிடம், “பாரு, நாமம் சொல்றப்பவே உடம்பு எப்படி நடுங்குதுன்னு” என்றாள். நாமத்தை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது.

துவாதசி காலை பாரணைக்கு அகத்திக்கீரை வதங்கிக்கொண்டிருந்தது. நெல்லிக்காய்ப் பச்சடிக்குத் தயிர் எடுக்கக் கை நீட்டினேன். அதுவரைதான் எனக்குத் தெரியும். மற்றது சொல்லிக் கேட்டது. கை கால் வெட்டி இழுத்ததாம். வாயில் நுரை வந்ததாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூத்தவன் வரதன் தெருக்கோடிக்கு ஓடி ஒரு டாக்ஸியைப் பிடித்து வந்தான். அவன் மடியில் தலை வைத்துப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். மாத்திரை இல்லாமல் பாலம் தாண்டியது எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தெரியாமல் நடந்தது.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் நடுவரிசைக் கட்டில். கண் விழித்தபோது நாக்கு தடித்திருந்தது. ஒரு டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். வயது முப்பதுக்குள். கழுத்தில் சின்னச் சிலுவை.

“எத்தனை நாள் பட்டினி கிடந்தீங்க பாட்டி?”

“பட்டினி இல்லைங்க. விரதம்.”

“சரி, விரதம். இதுக்கு முன்னால வலிப்பு வந்திருக்கா?”

“எங்க பரம்பரையிலயே கிடையாது.”

“வழக்கமா ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிடுறீங்களா?”

“ஒன்னும் சாப்பிடறதில்லை. உடம்புக்குன்னு சுக்குக் கஷாயம்கூடக் குடிச்சதில்லை.”

வரதன் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரோஜா, அவன் பெண்டாட்டி, சுவரோரம் நின்று என் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

நான் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொன்னதால் அவர்கள் நோயைத் தேட வேண்டியதாயிற்று. ரத்தம் எடுத்தார்கள். மண்டையைப் படம் பிடித்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறதாம், அது முதுகுவரை இறங்கி ஓடுகிறதாம். மூளைக்குள் காய்ச்சலோ சீழோ இருந்தால் அந்த நீர் கலங்கும் என்றார்கள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். ஊசி போனது தெரிந்தது, வலித்ததாக நினைவில்லை. அன்று முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தேன். நீர் தெளிவாக இருந்தது. அதற்கு அவர்கள் சந்தோஷப்படவில்லை. இன்னும் தேட வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்த நாள் மறுபடி ஒரு வலிப்பு. அதன் பிறகு எனக்கு எது நிஜம் என்று தெரியவில்லை. எதிர்ச் சுவரில் காவேரி ஏறி வந்தது. செம்மண் கலந்த புதுவெள்ளம். நான் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு, தண்ணீர் வருகிறது, படிக்கட்டை விட்டு மேலே ஏறுங்கள் என்று சொன்னேனாம். பயமாக இருந்ததா என்று என் பேத்தி, சரோஜா மகள் மைதிலி கேட்கிறாள். பயம் என்பது ஒரு அளவுக்கு மேல் போனால் பயமாகத் தெரிவதில்லை. மரத்துப்போன காலில் நடக்கிற மாதிரி இருக்கும்.

வெள்ளம் வடிந்து தெளிவு வந்தபோது பக்கத்துக் கட்டிலில் மாரியாயி இருந்தாள். சமயபுரத்தில் கோயில் வாசலில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் விற்கிறவள். இழுப்பு நோய்க்காகச் சேர்ந்திருந்தாள். மூச்சு விட முடியாதவள், ஆனால் பேச்சு மட்டும் நிற்காது.

“யக்கா, கை ஏன் இப்படி ஆடுது?”

“வயசு.”

“வயசுக்கு ஆடுற ஆட்டம் வேற. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு. சர்க்காரு சாராயத்த நிறுத்தினாங்க, அவரு நிறுத்தல. போலீசு புடிச்சு மூணு நாள் உள்ள வச்சப்ப இதே ஆட்டம்தான். சொவத்துல எறும்பு ஊருதுன்னாரு. நீங்க தண்ணி ஏறுதுங்கறீங்க.”

“நாக்கை அடக்கிப் பேசு. நான் ஏகாதசி விரதத்துல விழுந்தவ.”

“அப்ப பெருமாள்தான் ஊத்திக் குடுத்தாரா?” என்று சிரித்தாள். சிரித்த சிரிப்பில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

என்னைக் குடிகாரனோடு வைத்துப் பேசிவிட்டாளே என்று அவள் பக்கம் திரும்பாமல் படுத்தேன். ஆனால் மனதுக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் உள்ளே வைத்தார்கள். நானும் மூன்று நாள்தான் நிறுத்தினேன்.

டாக்டரம்மா காலையில் வந்து மறுபடி கேட்டார். தூங்குவதற்கு ஏதாவது சாப்பிட்டதுண்டா? இல்லை என்றேன். அவர் போகும்போது நர்ஸிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “காரணம் தெரியாம மருந்து குடுக்கறதுக்குப் பயமா இருக்கு. இன்னொரு தடவை பெரிசா வந்தா தாங்க மாட்டாங்க.”

ஆக, நான் வாயைத் திறக்காவிட்டால் செத்துப்போவேன். அது விளங்கிவிட்டது. திறந்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கியது. எங்கள் தெருவில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. அங்கம்மாள் மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருந்து பெருமாள் முன்னால் விழுந்துவிட்டாள் என்று. வரதன் வந்து சொன்னான். கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுத்த படுக்கையில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அன்று பார்வை நேரத்துக்குச் சற்று முன்னாலேயே சரோஜா வந்தாள். ரசம் சாதத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை என் தலையணைக்கு அடியில் தள்ளினாள். கை வைத்துப் பார்த்தேன். பித்தளைச் சம்புடம்.

“மாலை கொண்டாந்தியா?”

“மாலையும் இருக்கு அத்தை.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“ஆறு வருஷமா. நீங்க ஜுரமாப் படுத்தீங்களே, அந்த மாசம் நீங்க கடைக்குப் போகலை. ஆனா சம்புடம் காலியாகலை. கவனிச்சீங்களா?”

கவனித்தேன். எண்ணியதில் தப்பு என்று நினைத்திருந்தேன்.

“நான்தான் போயி வாங்கியாந்தேன். இல்லேன்னா நீங்க ராத்திரியெல்லாம் கூடத்துல நடப்பீங்க. ஆஸ்பத்திரியில குடுக்கறாங்களோ என்னமோன்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். நீங்க இல்லைன்னு சொல்றப்ப நான் எப்படி உண்டுன்னு சொல்றது?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஊற்றுகிற காப்பியைத் தண்ணீர்க் காப்பி என்று சொல்லிவந்தேன். அவள் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “ரசத்துல உப்பு சரியா இருக்கா பாரு” என்றேன்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் போர்வைக்குள் சம்புடத்தைத் திறந்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. இன்று மட்டும், நடுக்கம் நிற்க மட்டும், நாளைக்கு டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தண்ணீர் வந்ததும் விழுங்கலாம் என்று நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். கசந்தது.

அப்போது பார்வை நேரத்து மணி அடித்தது. ஆண்டாளம்மாளும் தெருப் பெண்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். கையில் வெள்ளிச் சொம்பு.

“அங்கம்மா, வாயைத் தொற. பெருமாள் தீர்த்தம். உனக்குன்னு கேட்டு வாங்கியாந்தேன்.”

உத்தரணியில் தீர்த்தம் எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறாள். மற்றவர்கள் கை கூப்பி நிற்கிறார்கள். வாயைத் திறந்தால் அந்தத் தீர்த்தத்தோடு மாத்திரை உள்ளே போகும். எதை விட்டால்தான் விரதம் என்று மூன்று நாள் விட்டேனோ, அது, அந்தத் தீர்த்தத்தோடு. என்னால் முடியவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன். அருவருப்பு என்று சொல்லலாம். உள்ளங்கையில் துப்பினேன். இரண்டும் பாதி கரைந்து, வெள்ளையாக எச்சிலோடு கிடந்தன.

உத்தரணி அந்தரத்தில் நின்றது. பிறகு ஆண்டாளம்மாளே எனக்கு வழி விட்டாள். “ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையா? முழுங்கிட்டே வாங்கிக்கலாமே.”

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் மாரியாயி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது அவள் எனக்குச் செய்த மரியாதை. தண்ணீர்ச் செம்போடு வந்த சரோஜா அப்படியே நின்றுவிட்டாள்.

“இல்லை. என்னோடது. ஏழெட்டு வருஷமாச் சாப்பிடறேன். விரதத்துக்குன்னு நிறுத்தினேன். அதுல வந்ததுதான் இது. சரோஜா, டாக்டரம்மாவைக் கூப்பிடு.”

சொல்லிவிட்டுக் கையை மூடவில்லை. அவர் வந்து பார்க்கிறவரை திறந்தபடியே வைத்திருந்தேன். தீர்த்தத்தைப் பிறகு வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். எத்தனை, எந்தெந்த வேளை, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“உங்களுக்கு ரெண்டு வியாதி பாட்டி. மொதல்ல வந்தது பயம். பாலத்துல வந்ததே, அது. அதை அமுக்கறதுக்கு மாத்திரை. உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிப்போச்சு. பழகிட்டா அது ரெண்டாவது வியாதி. மாத்திரை கொறையறப்ப உடம்பு ஒரு பயத்தைக் கிளப்பும். அது பாக்கறதுக்குப் பழைய பயம் மாதிரியே இருக்கும். ஐயோ, பயம் இன்னும் போகலைன்னு நீங்க இன்னொன்னு போடுவீங்க.”

“எது எந்தப் பயம்னு எப்படித் தெரியும்?”

“இப்போதைக்குத் தெரியாது. மாத்திரை எறங்கினாத்தான் தெரியும்.”

“அதான் நிறுத்திட்டேனே.”

“நிறுத்தினது தப்பு. மலைக்கோட்டை உச்சிக்கு ஏறினவங்க குதிச்சா எறங்குவாங்க? படிதானே.”

அதே சாதி மாத்திரையை அவரே கொடுத்தார். முதலில் நான் சாப்பிட்ட அளவு. பிறகு சில நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் குறைத்து. வலிப்பு மறுபடி வரவில்லை. கைநடுக்கம் மெதுவாக விட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வரதன் கடைக்குப் போகிற வழியில் தினம் வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். மாத்திரையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுகமும் இல்லை, துக்கமும் இல்லை. அழுதால் தேவலை என்று சரோஜா சொன்னாள். வரவில்லை.

மாரியாயி ஒருநாள் டாக்டரம்மாவிடம், “இதே மாதிரி எங்க வீட்டுக்காரருக்கும் எறக்கிக் குடுப்பீங்களா? போலீசுக்குச் சொல்ல மாட்டீங்கதானே?” என்று கேட்டாள். “கூட்டிட்டு வாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். அவள் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் வந்தாரா, தெரியாது.

என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று பாலம் வந்தது. பயமும் வந்தது. நெஞ்சு, உள்ளங்கை, தொண்டை, எல்லாம் வரிசையாக. அப்போதுதான் அது முதலாவது வியாதி என்று தெரிந்தது. எட்டு வருஷம் மூடி வைத்ததில் அது கொஞ்சமும் கிழடாகவில்லை. சரோஜா கையைப் பிடிக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். மாம்பழச் சாலையில் அடங்கியது.

ஒன்றரை வருஷம் ஆகிறது. மாத்திரை முழுதாக நின்று ஒரு வருஷம். டாக்டரம்மா சொன்னபடி வெள்ளிக்கிழமைகளில் நானும் சரோஜாவும் பாலத்தில் நடக்கிறோம். முதலில் முதல் விளக்குக் கம்பம் வரை. இப்போது பாதிப் பாலம். பயம் வந்தால் கம்பியைப் பிடித்து நின்று அது போகிறவரை இருப்போம். போகிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தயாராக இல்லை. முன்பெல்லாம் தெருவில் விரதத்துக்கு நாள் கேட்டு என்னிடம் வருவார்கள். இப்போது ஆண்டாளம்மாள் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அதே தெருவில் இரண்டு பேர் கொல்லைப்பக்கம் வந்து, கம்பவுண்டர் கடைப் பொட்டலத்தைக் காட்டி, இதுவா என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதினேன். தானாக நிறுத்தாதீர்கள். டாக்டர் கேட்டால் ஒளிக்காதீர்கள்.

மைதிலி, கண் எரிகிறது. இதை எடுத்து முதலிலிருந்து வாசி, எப்படி வந்திருக்கிறது பார்க்கலாம். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்திக்கொள். டாக்டரம்மாவிடம் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று பொய் சொன்ன இடத்தை விட்டுவிடாதே. சம்புடம் வருகிற இடத்தில் கொஞ்சம் சத்தமாக வாசி. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்க வேண்டும்.